தோட்டக் குளத்துக்கு எந்த மீன்? கோய், தங்கமீன், கப்பி, மெடாக்கா: ஓர் ஒப்பீடு

குளம் வெட்டித் தண்ணீர் நிரப்பிய கையோடு பலரும் நேராக மீன் கடைக்குப் போகிறார்கள். அங்கே கண்ணாடித் தொட்டிகளில் எல்லா மீனும் விரல் நீளத்துக்குத்தான் இருக்கும். ஆரஞ்சு நிறக் கோய் (வண்ணக் கெண்டை) ஒரு தொட்டியில், அதே ஆரஞ்சில் தங்கமீன் அடுத்த தொட்டியில், சிவப்பு வாள்வால் அதற்கடுத்த தொட்டியில். மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகவே தோன்றாது. ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள். ஒன்று கையளவைத் தாண்டி முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, குளத்தில் இருந்த அல்லியை வேரோடு பிடுங்கியிருக்கும். இன்னொன்று குஞ்சு பொரித்துப் பொரித்துக் குளத்தை நிறைத்திருக்கும். மூன்றாவது ஆயுளை முடித்துக்கொண்டு போய், அதன் பத்தாவது தலைமுறை நீந்திக்கொண்டிருக்கும்.

அதனால் 'எந்த மீன் அழகு' என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இருக்கிற குளத்துக்கு மீன் தேடுகிறீர்களா, பிடித்த மீனுக்காகக் குளம் கட்டப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். குளம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், மீனைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, அந்தக் குளம்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது

தண்ணீரின் அளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, வரும் எண்ணை 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம் என்றால் 3600 லிட்டர். ஆனால் இது நேர்ச்சுவர் வைத்த குளத்துக்கான கணக்கு. ஓரம் சரிவாக இருந்தால் கால் பங்கைக் கழித்துவிடுங்கள். அப்படிப் பார்த்தால் இந்தக் குளத்தில் இருப்பது ஏறத்தாழ 2700 லிட்டர்தான். தங்கள் குளம் உண்மையில் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து பார்க்காமலே மீன் வாங்குபவர்கள்தான் அதிகம். பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

இத்தனை செ.மீ. மீனுக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். சிறு மீன்களுக்கு அது ஓரளவு ஒத்துவரும், பெரிய மீன்களுக்கு ஒத்துவராது. காரணம் எளிது. மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை, அகலத்திலும் பருமனிலும் சேர்ந்தே வளர்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். 5 செ.மீ. கோய்க் குஞ்சின் எடை சுமார் 2 கிராம். அதே மீன் 50 செ.மீ. ஆகும்போது 2 கிலோவைத் தொடும். நீளம் பத்து மடங்கு, எடை ஆயிரம் மடங்கு. மீன் தின்பதும் கழிப்பதும் எடையைப் பொறுத்தவை. ஒரு கிலோ தீவனம் உள்ளே போனால் அதிலிருந்து ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா தண்ணீரில் வந்து சேரும். அதை யாராவது அப்புறப்படுத்தியாக வேண்டும்: ஃபில்டர், செடி, அல்லது வாளியோடு நீங்கள்.

வெப்பநிலை. வருடத்தில் மிகக் குளிர்ந்த நாளில் உங்கள் குளத்து நீர் எவ்வளவு குளிரும், மிகச் சூடான நாளில் எவ்வளவு சுடும்? இரண்டு எண்களும் தேவை. காற்றின் வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். குளிர் சில மீன்களைக் கொல்லும். சூடு எல்லா மீன்களையும் திணற வைக்கும், ஏனென்றால் நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகச் சுருங்கிவிடும். மீனுக்கோ சூட்டில்தான் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும்.

செடி. அல்லியும் தாமரையும் முக்கியமா, மீன் முக்கியமா? இரண்டும் வேண்டும் என்றால் கோய் வேண்டாம்.

எங்கிருந்து பார்ப்பீர்கள். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இதைத்தான். தொட்டி மீனைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், குளத்து மீனை மேலிருந்து பார்க்கிறோம். கடைக் கண்ணாடியில் வால் விரித்து மயக்குகிற ஆண் கப்பி, மேலிருந்து பார்த்தால் ஒரு சிறு கோடு. வெள்ளை, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்கள் கறுப்பு விரிப்புப் போட்ட குளத்தில் எடுப்பாகத் தெரியும். நீலமும் கறுப்பும் பச்சை கலந்த பழுப்பும் மறைந்துபோகும். வாங்கும் முன் அந்த மீனை ஒரு கறுப்பு வாளியில் விட்டு மேலிருந்து பார்க்கக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

எத்தனை வருடம். சில மீன்கள் இரண்டு வருடத்துக்கானவை, சில முப்பது வருடத்துக்கானவை. வீடு மாறும் வாய்ப்பு இருப்பவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | கோய் | ஒற்றைவால் தங்கமீன் | இரட்டைவால் தங்கமீன் | கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் | மெடாக்கா |
|---|---|---|---|---|---|
| வளர்ந்த நீளம் | 60 செ.மீ. அல்லது மேல் | 20–30 செ.மீ. | 15–20 செ.மீ. | 3–10 செ.மீ. | 3–4 செ.மீ. |
| ஆயுள் | 25–35 வருடம் | 10–20 வருடம் | 8–12 வருடம் | 2–3 வருடம் | 2–3 வருடம் |
| குறைந்தபட்ச நீர் | 5000 லிட்டர் | 1000 லிட்டர் | 500 லிட்டர் | 100 லிட்டர் | 50 லிட்டர் |
| ஆழம் | 1.2–1.5 மீ. | 60 செ.மீ. | 45–60 செ.மீ. | 30 செ.மீ. | 30 செ.மீ. |
| குளிர் | பனிக்காலத்தையும் தாங்கும் | பனிக்காலத்தையும் தாங்கும் | 10–12 டிகிரிக்குக் கீழே ஆபத்து | 18 டிகிரிக்குக் கீழே ஆபத்து | பனிக்காலத்தையும் தாங்கும் |
| செடி | தின்னும், தோண்டும் | மென்செடியைக் கொறிக்கும் | மென்செடியைக் கொறிக்கும் | தொல்லை இல்லை | தொல்லை இல்லை |
| ஃபில்டர் | பெரியது, கட்டாயம் | சிறியதாவது வேண்டும் | சிறியதாவது வேண்டும் | செடி நிறைய இருந்தால் தேவையில்லை | செடி இருந்தால் தேவையில்லை |

இந்த எண்கள் மீன் பிழைத்துக் கிடக்கத் தேவையான கடைசி அளவுகள். நன்றாக வாழ இதைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். பெரிய குளத்தில் தவறுகள் மெதுவாக நடக்கும், சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

## கோய்

உணவுக்காக வளர்த்த கெண்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறம் மாறிப் பிறந்த குஞ்சுகளைப் பிரித்தெடுத்து, 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமத்து விவசாயிகள் உருவாக்கியவை இவை. 1914இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் ஊரறிந்தன. மேலிருந்து பார்ப்பதற்கென்றே வளர்த்தெடுத்த மீன். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகள் உள்ள கோஹாகு ஒன்று தெளிந்த நீரில் திரும்பும்போது வரும் அழகுக்கு மற்ற குளத்து மீன் எதுவும் ஈடாகாது. ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும், கையிலிருந்து வாங்கித் தின்னும். இந்த நெருக்கம்தான் கோய் வளர்ப்பவர்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

சரி, இதற்கு என்ன கொடுக்க வேண்டும்? ஒரு மீனுக்கு 1000 லிட்டர் என்பது நெடுங்காலமாக வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஒன்றிரண்டோடு நிறுத்துவதும் சரியல்ல, நான்கைந்தாவது வேண்டும். அதனால்தான் 5000 லிட்டருக்குக் குறைந்த குளத்தில் கோய் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஆழம் 1.2 மீட்டருக்குக் குறைந்தால் வெயிலில் ஒதுங்க இடமில்லை, குளிரில் பதுங்கவும் இடமில்லை. 'சின்னக் குளத்தில் விட்டால் சின்னதாகவே இருக்கும்' என்ற பேச்சை நம்பாதீர்கள். கெட்ட நீரும் நெரிசலும் வளர்ச்சியைக் குன்ற வைக்கும் என்பது உண்மைதான். அது நோய், இயற்கையின் ஏற்பாடு அல்ல.

மறைமுகச் செலவுகள் கோய் மீனில்தான் அதிகம். முதலாவது மின்சாரம். குளத்து நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும், அதுவும் இரவு பகலாக. 100 வாட் பம்ப் ஒன்று நிற்காமல் ஓடினால் ஒரு நாளுக்கு 2.4 யூனிட், வருடத்துக்கு 876 யூனிட். காற்றுப் பம்பும், நீரைப் பச்சையாக்கும் பாசியை அடக்கும் யூவி (புற ஊதா) விளக்கும் தனி. மின்தடை உள்ள இடமென்றால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். இரவில் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனை இழுப்பதால், விடியும் நேரத்தில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மின்சாரம் நின்றுபோன இரவுக்குப் பிறகு செத்து மிதப்பவை பெரும்பாலும் பெரிய மீன்கள்தான்.

இரண்டாவது, நோய். கோய் ஹெர்பிஸ் வைரஸ் என்ற நோய் 1998இலிருந்து அறியப்பட்டது. நீர் 16 முதல் 28 டிகிரிவரை இருக்கும்போது வெளிப்படும், ஒரு குளத்து மீன்களில் பெரும்பகுதியைச் சில நாட்களில் முடித்துவிடும், மருந்து கிடையாது. பிழைத்த மீனும் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கலாம். அதனால் புதிய கோய் எதையும் குறைந்தது நான்கு வாரம் தனித் தொட்டியில், இந்த வெப்பநிலையில் வைத்துப் பார்த்த பிறகுதான் குளத்தில் விட வேண்டும். அந்தத் தனித் தொட்டிக்கும் ஒரு ஃபில்டர், ஒரு காற்றுப் பம்ப், ஒரு வலை வேண்டும். கோய் வாங்கப் போகிறவர்களின் பட்டியலில் இது அநேகமாக இருப்பதே இல்லை.

மூன்றாவது, நிறம். இளம் கோய் மீனில் பார்க்கும் நிறமும் கோலமும் வளரும்போது மாறும். சிவப்பு மங்கலாம், கறுப்பு புதிதாக எழலாம். அதிக விலை கொடுத்து வாங்கும் குஞ்சு இரண்டு வருடத்தில் எப்படி இருக்கும் என்பதை அனுபவசாலிகளே தயங்கித்தான் சொல்வார்கள். ஆரம்பத்தில் நிறத்துக்காகப் பணத்தைக் கொட்டாமல், அந்தப் பணத்தை ஃபில்டரில் போடுங்கள்.

இன்னொன்று: சட்டம். கெண்டை இயற்கை நீர்நிலைகளில் புகுந்து அடித்தளத்தைக் கிளறிச் சேறாக்கி, நீர்ச்செடிகளை அழிப்பதால், நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களிலும் கோய் வளர்க்கத் தடை இருக்கிறது. உங்கள் பகுதியில் என்ன விதி என்று வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

குளம் இன்னும் வெட்டவில்லை, இடமிருக்கிறது, செடியைவிட மீன்தான் முக்கியம், தினமும் நேரம் ஒதுக்க முடியும் என்றால் கோய்தான். அடியில் கழிவு சேர்ந்து வெளியேறும் வடிகாலோடு, நேர்ச்சுவர் வைத்து, கோய்க்காகவே கட்டுங்கள். இருக்கிற அல்லிக் குளத்தில் 'ரெண்டே ரெண்டு' என்று விடுவதில்தான் எல்லாம் கெடுகிறது.

## ஒற்றைவால் தங்கமீன்

சாதாரணத் தங்கமீன், நீண்ட வாலுள்ள காமெட், பலவண்ணப் புள்ளிகள் கொண்ட ஷுபன்கின் மூன்றும் இந்த வகை. கண்ணாடிக் கிண்ணத்து மீன் என்று தங்கமீனைப் பற்றி ஒரு எண்ணம் பதிந்துபோய்விட்டது. உண்மையில் இவை குளத்து மீன்கள். சீனாவில் ஆயிரம் வருடத்துக்கும் முன்பே குளங்களில் வளர்த்துவந்தார்கள், கிண்ணமும் தொட்டியும் பின்னால் வந்தவை. 

பெரும்பாலான தோட்டக் குளங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மீனைத்தான். ஒரு மீனுக்கு 200 முதல் 250 லிட்டர் கொடுத்தால் போதும். மேலே சொன்ன 2700 லிட்டர் குளத்தில் பத்து மீன் தாராளமாக வாழும். அல்லியோடு ஒத்துப்போகும். தொட்டி மண்ணைக் கொஞ்சம் கிளறும், மேலே கூழாங்கல் பரப்பினால் அதுவும் நின்றுவிடும். நீருக்குள் வளரும் மென்செடிகளை மட்டும் மேயும்.

இதன் தாக்குப்பிடிக்கும் திறன் வியக்க வைப்பது. குளிர்காலத்தில் குளம் பனிக்கட்டியால் மூடி ஆக்சிஜன் தீர்ந்துபோனாலும் தங்கமீனால் சில காலம் சமாளிக்க முடியும். ஆக்சிஜன் இல்லாதபோது உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியாக வெளியேற்றும் வித்தை இதற்கும் இதன் நெருங்கிய உறவு மீன்களுக்கும் உண்டு. முதுகெலும்புள்ள விலங்குகளில் இது மிக அரிது. ஆனால் அது குளிர்ந்த நீரில் மட்டும் எடுபடும் வித்தை. கோடையில் நெரிசலான குளத்தில் தங்கமீனும் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

மறைமுகச் செலவு இங்கே பணமாக வருவதில்லை, எண்ணிக்கையாக வருகிறது. நீர் வெதுவெதுப்பாகத் தொடங்கியதும் ஆண்கள் பெண்களைத் துரத்தும். ஒரு பெண் மீன் ஒரே முறையில் நூற்றுக்கணக்கில், பெரிய மீனென்றால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பெரும்பாலான முட்டைகளை அவையே தின்றுவிடும். ஆனால் செடி அடர்ந்த குளத்தில் ஒவ்வொரு வருடமும் சில பத்துக் குஞ்சுகளாவது தப்பிவிடும். அவை பிறக்கும்போது கரும்பழுப்பு நிறத்தில் இருப்பதால் கண்ணில் படாது. மாதக்கணக்கில் கழித்து ஆரஞ்சாக மாறும்போதுதான் குளம் நிறைந்திருப்பது தெரியும். சில மாறாமலே பழுப்பாக நின்றுவிடும். பத்து மீன் மூன்று நான்கு வருடத்தில் அறுபது மீனாவது சாதாரணம். அப்போது ஃபில்டர் பற்றாது, நீர் பச்சையாகும். வருடம் ஒருமுறை வலை போட்டு எண்ணி, மிச்சத்தை வளர்ப்பவர்களுக்குக் கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

முட்டையிடும் காலத்தில் ஆண் மீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். வெண்புள்ளி நோய் என்று பயந்து மருந்தைக் கொட்டுபவர்கள் உண்டு. வரிசையாகச் செவுள் மூடியில் மட்டும் இருந்தால் அது நோயல்ல, பருவத்தின் அடையாளம். உடம்பெங்கும், வாலிலும் உப்புத் தூவியதுபோல் இருந்தால்தான் நோய்.

ஷுபன்கின் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: அதன் நீலம் பக்கவாட்டில் மிக அழகு, கறுப்புக் குளத்தில் மேலிருந்து பார்த்தால் காணாமல் போகும். பத்தில் இரண்டு மூன்று ஷுபன்கின், மிச்சம் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த காமெட் என்று எடுத்தால் குளம் உயிரோட்டமாகத் தெரியும்.

## இரட்டைவால் தங்கமீன்

ஒராண்டா, ரியூகின், ராஞ்சு, விசிறிவால். உருண்டை உடம்பு, இரட்டை வால், மெதுவான நீச்சல். முதுகுத்துடுப்பே இல்லாத ராஞ்சு மேலிருந்து ரசிப்பதற்காக வளர்த்தெடுத்தது என்பதால் ஆழமில்லாத சிறு குளத்தில் மிக நன்றாக இருக்கும்.

உடம்பு குறுகி உருண்டதால் உள்ளுறுப்புகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அதனால் காற்றுப்பைக் கோளாறு அடிக்கடி வரும். மீன் கவிழ்ந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ மிதக்கும். நீர் 10–12 டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் குளிர்காலத்தில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும், அதற்கு ஒரு பெரிய தொட்டி தனியாக வேண்டும். மீன்கொத்தி, கொக்கு, பூனை எது வந்தாலும் முதலில் அகப்படுவது இதுதான், ஓடத் தெரியாது. வலை போடாத குளத்தில் விடாதீர்கள். தொலைநோக்கிக் கண், குமிழிக்கண், வான்நோக்கி வகைகளைக் குளத்தில் விடவே வேண்டாம். பார்வை மங்கிய மீனுக்கு கல்லும் முள்ளும் உள்ள குளம் ஏற்ற இடமல்ல.

வெப்பமான அல்லது மிதமான இடம், 500 முதல் 1000 லிட்டர் நீர், திண்ணை உயரத்துக்கு எழுப்பிய தொட்டிக்குளம், மேலே வலை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆள். இந்தச் சூழ்நிலையில் ஒற்றைவாலைவிட இதுவே நல்ல தேர்வு. ஒற்றைவாலோடு சேர்த்து விடாதீர்கள். தீவனம் தூவிய மறுநொடியில் ஒற்றைவால் மீன்கள் எல்லாவற்றையும் முடித்துவிடும், இவை பட்டினி கிடக்கும்.

## கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால்

குட்டி போடும் மீன்கள். சூடான இடத்தில், சிறிய குளத்தில், கொசுப்புழுவை ஒழிக்க வேண்டும் என்பதற்காகவே பலரும் கப்பி விடுகிறார்கள். அந்த வேலையை நன்றாகவே செய்யும். செடி நிறைய இருந்தால் ஃபில்டரே வேண்டாம், தீவனமும் மிகக் கொஞ்சம் போதும்.

பெண் கப்பி சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் சேமித்து வைக்கக்கூடியது என்பதால், பெண்ணை மட்டும் தனியாக வாங்கி விட்டாலும் பெருகும். பெருக்கம் வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் விடுங்கள். நிறமும் அவற்றில்தான் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும் குளத்துக்குக் கப்பியைவிட வாள்வாலும் சிவப்பு பிளாட்டியும் மேல். உடம்பு முழுக்க நிறம், அளவும் கொஞ்சம் பெரிது.

மறைமுகச் செலவு உங்களுடையது அல்ல, பக்கத்து ஓடையுடையது. மழையில் நிரம்பி வழியும் குளத்திலிருந்து கப்பி வெளியேறினால், வெப்பமான நாடுகளில் உள்ளூர் மீன்களுக்குப் போட்டியாக நிலைத்துவிடும். உலகின் பல பகுதிகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. குளத்து நீர் வழிந்து எங்கே போகிறது என்று பாருங்கள். வழியும் இடத்தில் மெல்லிய வலை கட்டுங்கள். கொசுமீன் என்று காம்பூசியாவைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும், தவளைக் குஞ்சுகளையும் விடாது.

நீர் 18 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் இவை வருடம் முழுதும் தாங்கா. அங்கே வேண்டியது அடுத்தது.

## மெடாக்கா

ஜப்பானிய நெல்வயல் மீன். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரைதான் நீளம், ஆனால் பனிக்காலத்தையும் 35 டிகிரிக் கோடையையும் தாங்கும். மண்ணும் அல்லியும் வைத்த அகலமான ஒரு தொட்டி போதும், பம்ப் வேண்டாம். வெள்ளை, ஆரஞ்சு, முதுகில் வெள்ளிக்கோடு மின்னும் வகை என்று மேலிருந்து பார்ப்பதற்காகவே பல நிறங்களில் வளர்த்திருக்கிறார்கள். 1994இல் கொலம்பியா விண்கலத்தில் பறந்து, விண்வெளியில் இணைந்து முட்டையிட்ட முதல் முதுகெலும்பி இந்தச் சிறு மீன்தான்.

பெண் மீன் காலையில் முட்டைக் கொத்தை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டு திரிந்து, பிறகு செடியில் ஒட்டவைக்கும். முட்டை ஒட்டிய செடியை வேறு தொட்டிக்கு மாற்றினால் குஞ்சு எடுப்பது மிக எளிது. மாற்றாவிட்டால் பெரியவை தின்று எண்ணிக்கை தானாக அடங்கும். தங்கமீனிலும் கப்பியிலும் வரும் நெரிசல் கவலை இதில் இல்லை. சிறிய இடமும் குறைந்த நேரமும் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மீன் எனக்குத் தெரியவில்லை. குறை என்னவென்றால் தூரத்திலிருந்து தெரியாது, குனிந்து பார்க்க வேண்டும். எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை.

## மீனே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு

தவளையும் தும்பியும் வர வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் மீன் விடாதீர்கள். மீன்கள் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தும்பியின் இளம்புழுவையும் தின்றுவிடும். மீனில்லாத குளத்தில் தும்பிப் புழுவும் நீர்வண்டும் நீந்துபூச்சியும் குடியேறி, கொசுப்புழுவை அவையே கவனித்துக்கொள்ளும். அவை வந்து சேரும்வரை, பிடிஐ என்ற பாக்டீரியாவில் செய்த கொசுப்புழு மாத்திரையைப் போடலாம். அது தலைப்பிரட்டையை ஒன்றும் செய்யாது. தீவனம் கிடையாது, ஃபில்டர் கிடையாது, மின்சாரம் கிடையாது.

## கலந்து விடலாமா

கோயையும் ஒற்றைவால் தங்கமீனையும் பெரிய குளத்தில் சேர்த்து வைக்கலாம். ஆனால் இரண்டும் கலந்து இனம் சேரும். பிறக்கும் குஞ்சுகள் பழுப்பாக, பெரும்பாலும் மலடாக இருக்கும். தங்கமீன் கோய் ஹெர்பிஸ் வைரஸை அறிகுறி காட்டாமல் சுமக்கக்கூடும் என்பதால் தனிமைப்படுத்தும் விதி அதற்கும் பொருந்தும். கப்பியும் மெடாக்காவும் கோயின் வாய்க்குள் போகும் அளவு, சேர்த்தால் தீவனமாகிவிடும்.

கடையில் இளம் கோயையும் காமெட்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க வாயோரத்தைப் பாருங்கள். கோய்க்கு இரண்டு ஜோடி மீசை இருக்கும், தங்கமீனுக்கு இருக்காது. சின்னக் குளத்தில் கோய் வந்து சேர்ந்த கதைகளில் பல இந்த மீசையைப் பார்க்காததால் வந்தவை.

பாசியைத் தின்னும் என்று சொல்லி உறிஞ்சு மீனைக் கொடுப்பார்கள். பச்சை நீருக்குக் காரணமான பாசி நீரில் மிதப்பது, அதை உறிஞ்சு மீன் தொடாது. தவிர, கோய், தங்கமீன் போன்றவற்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேலுள்ள வழுவழுப்பைச் சுரண்டும் பழக்கமும் அதற்கு உண்டு. பச்சை நீருக்கு வழி மூன்று: தீவனத்தைக் குறைப்பது, நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலை மூடுவது, யூவி விளக்கு.

## தேர்ந்தெடுத்த பிறகு

எந்த மீனானாலும் முதல் நாளே முழு எண்ணிக்கையை விடாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் கூடும். அதுவரை இரண்டு மூன்று மீன் மட்டும், தீவனம் கிள்ளுக் கிள்ளாக. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனைக் குப்பியில் பூஜ்யம் காட்டிய பிறகு அடுத்த இரண்டு மூன்று. பிஎச் (நீரின் அமில–கார அளவு) அதிகமான நீரில், சூட்டில், அம்மோனியாவின் நஞ்சு கூடும் என்பதால் பாசி பிடித்த குளத்தில் மாலையில் சோதியுங்கள், அப்போதுதான் பிஎச் உச்சத்தில் இருக்கும்.

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினைக் கவனியுங்கள். வெறும் குளோரின் ஓரிரு நாள் காற்றாட வைத்தால் போய்விடும். குளோரமின் கலந்த தண்ணீரில் அது அவ்வளவு எளிதில் போகாது, மருந்து ஊற்றித்தான் முறிக்க வேண்டும். குடிநீர் வழங்குபவர்களிடம் எது கலக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மீன் வந்த பையைக் கட்டியபடியே கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமானதும் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் குளத்தில் கலக்கக் கூடாது. கோயும் தங்கமீனும் இரைப்பை இல்லாத மீன்கள், ஒரே வேளையில் நிறையத் தின்று சேமிக்க முடியாது. நாளுக்கு இரண்டு மூன்று முறை, சில நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. நீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தீவனத்தை நிறுத்திவிடுங்கள்.

எண்ணிக்கை மிஞ்சினால் கடையிலோ இன்னொரு குளம் உள்ளவரிடமோ கொடுங்கள். ஆற்றிலோ ஏரியிலோ ஒருபோதும் விடாதீர்கள்.